இருபதுக்குப் பூச்சியம்: அன்றும் இன்றும்

1932 மே 30 ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஒரு ஹொக்கி அணி கப்பலேறியது. சிங்கப்பூர், ஹொங்கொங், ஜப்பான் என்று வழிநெடுகத் தங்கி, ஜூலை 6 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, அங்கிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குப் போய்ச் சேர்ந்தது. லால் ஷா பொக்காரி அணித்தலைவர். தியான் சந்தும் அவருடைய தம்பி ரூப் சிங்கும் முன்வரிசையில் ஆடியவர்கள். கடல் கடக்க முன்னர் இந்த இந்திய அணி இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. ஒன்றில் 20–0, மற்றதில் 10–0.

2018 ஓகஸ்ட் 28 ஆம் திகதி ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. அதே இந்தியா, அதே இலங்கை. ஆகாஷ்தீப் சிங் என்ற ஒருவரே ஆறு கோல் அடித்தார். முடிவு 20–0.

எண்பத்தாறு வருடங்களில் ஹொக்கியில் மாறாத பொருள் ஒன்றும் இல்லை. தரை மாறியது, மட்டை மாறியது, விதிகள் மாறின, ஆட்ட நேரம் மாறியது. ஒலிம்பிக்குக்கு ஐந்து வாரம் கப்பலில் போன காலம் போய், காலையில் ஏறி மாலையில் இறங்கும் காலம் வந்தது. ஆடிய இரண்டு நாடுகளும் சுதந்திரம் பெற்றன. நமக்கு எதிரே எழுதப்பட்ட அந்த எண் மட்டும் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அன்றைய எண்ணைப் பார்ப்போம். 1932 இல் இந்தியாவிடம் இருபது கோல் வாங்குவது அவமானம் அல்ல. அந்த அணி எல்லோரையும் அப்படித்தான் அடித்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஹொக்கிக்கு வந்தவை மூன்றே நாடுகள். ஜப்பானை 11–1 என்றும், அமெரிக்காவை 24–1 என்றும் இந்தியா வென்றது. அமெரிக்க ஆட்டத்தில் ரூப் சிங் பத்து, தியான் சந்த் எட்டு. மூன்று வருடம் கழித்து, 1935 இல், நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது இலங்கை, அவுஸ்திரேலியா வழியாகப் போன இந்திய அணி மொத்தம் 48 ஆட்டங்களில் 584 கோல் அடித்தது. வாங்கியது வெறும் 40. அப்படிப்பட்டவர்கள் கொழும்பில் இறங்கி ஆடினார்கள் என்பதே பெருமை. உலகத்தின் மிகச் சிறந்த அணி ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் பயிற்சிக்காக நம்முடைய ஊரில் நின்று ஆடியிருக்கிறது. இன்றைக்கு நடக்குமா?

அது நடந்ததற்குக் காரணம் பூகோளம். கொழும்பு அப்போது கிழக்கும் மேற்கும் போகிற கப்பல்களின் தங்குமிடம். சென்னையிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்களுக்கு இந்தோ-சிலோன் போட் மெயில் இருந்தது. எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடி. அங்கே நீராவிக் கப்பலுக்கு மாறித் தலைமன்னார். பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. பெயர் கோட்டை ரயில் நிலையம் என்றாலும் வெளியே வந்து தெருவைத் தாண்டினால் கால் வைப்பது புறக்கோட்டையில். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றதோடு அந்தப் பாதை உடைந்தது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான் சென்னையின் மேயர் ராதாகிருஷ்ணன் ஹொக்கி விளையாட்டரங்கு. ஒரு காலத்தில் ஒரே பயணச்சீட்டின் இரு முனைகளாக இருந்த இடங்கள் இவை. இன்று ஹொக்கியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் பாக்குநீரிணையைவிடப் பெரியது.

அந்நாளைய இலங்கை ஹொக்கி யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் தங்கள் கழகங்களுக்குள் ஆடிய ஆட்டம் அது. பிறகு பெரிய ஆங்கிலப் பாடசாலைகளுக்குப் போனது. கொழும்பு ஹொக்கி அன்ட் ஃபுட்போல் கிளப் என்ற பழைய கழகம் இன்றும் இருக்கிறது, ஆனால் அதை ஜனங்கள் அறிவது றகர் கழகமாக. மலைநாட்டில் துரைமார் ஆடிய புல்வெளிகளைச் சுற்றி இருந்த லயங்களில் வாழ்ந்த நம்முடைய பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். இந்தியாவிலும் ஆட்டத்தைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன்தான். ஆனால் அங்கே பட்டாளம், ரயில்வே, பொலிஸ், கிராமத்துப் பள்ளி என்று அது வெகு சீக்கிரம் இறங்கிப் பரவிவிட்டது. தியான் சந்தே ஒரு சாதாரணச் சிப்பாயாக மட்டை பிடிக்கப் பழகியவர். இங்கே அது அந்த அளவுக்கு இறங்கவில்லை.

மாத்தளை ஒரு விதிவிலக்கு. இலங்கையில் ஹொக்கியின் தாய்வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் மாத்தளை என்று சொல்லும். சென் தோமஸ், கிறைஸ்ட் சேர்ச், விஜய என்று அந்தச் சிறிய நகரத்துப் பாடசாலைகள் தலைமுறை தலைமுறையாகத் தேசிய அணிக்கு ஆட்களைக் கொடுத்து வந்திருக்கின்றன. ஆண்களும் பெண்களும். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் சனி, ஞாயிறுகளில் நீங்கள் கவனித்துப் பார்த்தால் தெரியும்: மாத்தளை பஸ்ஸிலிருந்து முதுகில் நீண்ட பையோடு இறங்குகிற பிள்ளைகள். பைக்கு வெளியே மட்டையின் வளைந்த நுனி தெரியும். ஆசிரியர் ஒருவர் தலைகளை எண்ணுவார். கோல்காப்பாளரின் பெரிய பையை மாத்திரம் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் போவது ரீட் அவென்யூவில் இருக்கிற செயற்கைப் புல்தரைக்கு. நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் பயணம், ஓர் ஆட்டத்துக்காக.

அந்தத் தரைதான் அன்றையும் இன்றையும் பிரிக்கிற கோடு. ஹொக்கி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இயற்கைப் புல்லில் பந்து நேரே வராது. ஒரு மேட்டில் பட்டு எழும்பும், ஈரத்தில் நின்றுபோகும். ஆகவே பந்தை நிறுத்தத் தெரிவதே பாதி ஆட்டம். தியான் சந்தின் கையில் இருந்த வித்தை அது: எப்படி வந்தாலும் மட்டையில் ஒட்டிக்கொள்ளும். அன்று பெனால்டி கோர்னர் என்றால் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார், வட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் குனிந்து கையாலேயே நிறுத்துவார், மூன்றாமவர் ஓங்கி அடிப்பார். செயற்கைத் தரையில், அதுவும் தண்ணீர் தெளித்து நனைத்த தரையில், பந்து பவுடர் போட்ட கரம் பலகையில் காய் ஓடுவதுபோல ஓடும். தடங்கல் இல்லை, வேகம் குறையாது. நிறுத்துவது சுலபமாகிவிட்டது, ஓடிப்பிடிப்பது கடினமாகிவிட்டது. பந்தை மட்டையின் வளைவில் வைத்து இழுத்து வந்து கவண்போல எறியும் டிராக் ஃபிளிக் என்ற ஆயுதம் இந்தத் தரையில்தான் வளர்ந்தது. மரமட்டை போய்க் கார்பன் நார் மட்டை வந்தது. 1990 களில் ஓஃப்சைட் விதி எடுக்கப்பட்டது. எதிரணியின் கோல் வாயிலிலேயே ஒருவர் காத்து நிற்கலாம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றலாம். எழுபது நிமிட ஆட்டம் பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்காகச் சுருங்கியது. சுருங்கியதால் இலகுவாகவில்லை. ஒவ்வொரு நிமிடமும் முழு வேகத்தில் ஓட வேண்டும்.

இந்த மாற்றம் முதலில் அடித்துப்போட்டது இலங்கையை அல்ல, இந்தியாவையே. 1975 இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணத்தை வென்ற அணி அது, சென்னையின் வீ.ஜே.பிலிப்ஸ் அதில் இருந்தார். அடுத்த வருடம் மொன்றியலில் ஒலிம்பிக் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. 1928 முதல் ஒரு தடவைகூடப் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. 1980 இல் மொஸ்கோவில் சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்தது, ஆனால் பல பெரிய நாடுகள் அங்கே வரவில்லை. 1982 இல் டெல்லியில் சொந்த மண்ணில், ஆசிய விளையாட்டு விழா இறுதியாட்டத்தில், பாகிஸ்தானிடம் 1–7 என்று தோற்றார்கள். பணமும் ஆளும் உள்ள நாடே தரை மாறியதும் நாற்பது வருடம் தடுமாறியது. டோக்கியோவிலும் பாரிஸிலும் வென்ற வெண்கலங்கள் அந்தத் தடுமாற்றத்துக்குப் பிறகு வந்தவை.

நம்முடைய நிலைமையை இப்போது எண்ணிப் பாருங்கள். நீண்ட காலமாக நாட்டின் ஹொக்கி முழுதும் ரீட் அவென்யூத் தரையையே நம்பியிருந்தது. பாடசாலைப் பிள்ளை பழகுவது புல்லில் அல்லது சரளை மண்ணில். பெரிய ஆட்டத்துக்கு மட்டும் செயற்கைத் தரைக்கு வரும். அங்கே பந்து தான் நினைத்ததைவிட அரை நொடி முந்தி வந்துவிடும். அந்த அரை நொடியைப் பழகுவதற்குள் ஆட்டம் முடிந்துபோகும். 2018 இல் ஜகார்த்தாவில் ஆடியவர்கள் அப்படி வளர்ந்தவர்கள்தான். அவர்களை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். நம்முடைய தேசிய அணிக்காரர் பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றில் கடமை செய்துகொண்டு ஆடுகிறவர்கள். எதிரே நின்றவர்கள் ஆடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். அறுபது நிமிடத்தில் இருபது கோல் என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு நடு மைதானத்துக்குத் திரும்பி வந்து பந்தை வைத்து மறுபடி தொடங்கினார்களே, கடைசி விசில் வரைக்கும், அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் எண்ணைப் பற்றிய உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1932 இல் நம்மை இருபது கோலால் வென்றது உலகத்தின் முதல் அணி. 2018 இல் அதே இருபது கோலால் வென்ற இந்தியா அந்த விழாவின் அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்று வெண்கலத்தோடு வீடு திரும்பியது. ஆகவே இரண்டாவது இருபது முதலாவதைவிடக் கனமானது. அன்று நாம் உச்சத்திலிருந்து இருபது கோல் தூரத்தில் இருந்தோம். 2018 இல் ஆசியாவின் மூன்றாம் இடத்திலிருந்து இருபது கோல் தூரத்தில் இருந்தோம்.

அப்போது தங்கம் யாருக்கு? ஜப்பானுக்கு. 1932 இல் 11–1 என்று வாங்கிய அதே ஜப்பான். 2018 விழாவின் முதற்சுற்றிலேயே இந்தியாவிடம் 8–0 என்று தோற்ற ஜப்பான். அங்கிருந்து எழுந்து, அரையிறுதியில் பாகிஸ்தானை வீழ்த்தி, இறுதியில் மலேசியாவோடு 6–6 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் வென்றார்கள். கொழும்பில் இறங்கி ஆடிய அதே அணிதான் அடுத்து அவர்களையும் அடித்தது. தொடங்கிய இடத்தில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் பத்துக் கோல்தான். 2018 இலோ அவர்கள் கழுத்தில் தங்கம்.

ஜப்பான் பணக்கார நாடு, அதோடு நம்மை ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். சரி, பங்களாதேஷைப் பாருங்கள். 2016 இல் ஹொங்கொங்கில் நடந்த ஆசிய ஹொக்கிச் சம்மேளனக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு இலங்கை வந்தது. 3–0 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது பங்களாதேஷ். மூன்று கோல் எட்டாத தூரம் அல்ல. அந்த நாடு 2025 இளையோர் உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாகத் தகைமை பெற்றது. டாக்காவுக்கு வெளியே சாவாரில் அவர்களுக்கு ஓர் அரச விளையாட்டுக் கல்வி நிலையம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, படித்து, ஆடி வளர்கிறார்கள். அவர்களுடைய ஹொக்கி வீரர்களில் பலர் அந்த வாசலால் வந்தவர்கள்.

அந்த இளையோர் உலகக் கிண்ணம் நடந்தது எங்கே? சென்னையிலும் மதுரையிலும். 2025 நவம்பர் கடைசியில் தொடங்கி டிசெம்பர் 10 ஆம் திகதி வரை, முதன்முறையாக 24 நாடுகள். ஜேர்மனி கிண்ணத்தை வென்றது, இந்தியா ஆர்ஜென்டீனாவை 4–2 என்று வென்று வெண்கலம் பெற்றது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இதற்காகவே புதிய தரை போட்டார்கள். எழும்பூர் அரங்கோ பழக்கப்பட்டது: 1996 இலும் 2005 இலும் சம்பியன்ஸ் கிண்ணம், 2007 இல் ஆசியக் கிண்ணம், 2023 ஓகஸ்டில் ஆசியச் சம்பியன்ஸ் கிண்ணம். அந்தக் கடைசி இறுதியாட்டத்தில் 1–3 என்று மலேசியாவிடம் பின்தங்கியிருந்த இந்தியா 4–3 என்று வென்றது. புறக்கோட்டை வியாபாரிகள் சேலைக்கும் பாத்திரத்துக்கும் போய்த் தங்குகிற எழும்பூர் விடுதிகளிலிருந்து நடந்தே போகக்கூடிய இடத்தில் இவ்வளவும் நடந்தது. எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்போம்?

தமிழ்நாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அரங்கின் வெளிச்சத்தை அல்ல. கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன வறண்ட ஊர். அங்கே ஹொக்கி வீட்டு ஆட்டம். ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் அகில இந்தியச் சுற்றுப்போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வரும். அதோடு அரசாங்கம் ஒரு செயற்கைத் தரையும், பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விளையாட்டு விடுதியும் கொடுத்தது. அந்த விடுதியில் வளர்ந்தவர்கள்தான் அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும். இருவரும் இந்திய அணிக்கு ஆடிவிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ஊர் காத்த ஆட்டமும், அரசு கொடுத்த தரையும், தங்க ஓர் இடமும் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்தது. மாத்தளைக்கு முதலாவது எப்போதிருந்தோ இருக்கிறது. மற்ற இரண்டையும் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

நம்முடைய கொழும்புத் தமிழர் பக்கம் வருகிறேன். கொட்டாஞ்சேனையில் 1865 இல் தொடங்கிய புனித பெனடிக்ட் கல்லூரி ஹொக்கி ஆடிய பாடசாலை. அந்தத் தெருக்களில் மட்டையோடு பிள்ளைகள் போவது அந்நாளில் புதினம் இல்லை. இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட் வகுப்பு, நீச்சல், பட்மின்டன். அதற்கும் டியூஷன் இடம் கொடுத்தால்தான். புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையில் ஹொக்கி மட்டை கேட்டுப் பார்த்தேன். வாசலில் கிரிக்கெட் மட்டைகள் கட்டுக்கட்டாகத் தொங்கின. கடைப் பையன் உள்ளே போய் ஏணி வைத்து ஏறி, மேல்தட்டிலிருந்து பழைய பிளாஸ்டிக் உறையோடு மூன்று மட்டைகளை இறக்கினான். தூசி தட்டிக் கொடுத்தான். பிள்ளைகளுக்கு அளவான சிறிய மட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “அது ஒருத்தரும் கேக்கிறதில்லை அண்ணை, அதால எடுக்கிறதில்லை” என்றான். குற்றம் அவனுடையது அல்ல. கேட்கிற பாடசாலை இருந்தால் அடுத்த கொள்கலனிலேயே வந்துவிடும், புறக்கோட்டையில் வராத சாமான் எது?

போட்டிகள் கொழும்புக்கு வராமலும் இல்லை. 2006 ஓகஸ்டில் தெற்காசிய விளையாட்டு விழா இங்கே நடந்தபோது பாகிஸ்தானும் இந்தியாவும் ஹொக்கி இறுதியாட்டம் ஆடின. பாகிஸ்தான் தங்கம் வென்றது. நாடு போருக்குள் மறுபடி சரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வீதிச் சோதனைகளுக்கு நடுவே வீட்டை விட்டு வெளியே போகவே யோசித்த காலம். நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு நல்ல ஆட்டத்தை நம்மில் மிகப் பலர் பார்க்கவில்லை. அதற்காக ஒருவரையும் நோக முடியாது. ஆனால் போர் முடிந்தும் பல வருடங்கள் போய்விட்டன.

ஜகார்த்தாவில் வாங்கிய அந்த எண்ணை அழிக்கத் தேசிய அணியின் பயிற்றுநரால் மட்டும் முடியாது. அது பத்து வயதில் அழிக்கப்பட வேண்டிய எண். கொழும்பிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நான் கேட்பது சிறிய விடயம்: ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு ஹொக்கி அணி தொடங்குங்கள். முப்பது சிறிய மட்டை, இரண்டு கோல் வலை, ஒரு கோல்காப்பாளர் உடுப்பு, வாரத்துக்கு இரண்டு மாலை, மாத்தளையிலோ முப்படையிலோ ஆடி ஓய்ந்த ஒரு பயிற்றுநர். புறக்கோட்டை வர்த்தகர்கள் கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் கொடுப்பவர்கள், இதற்கும் கொடுப்பார்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் போய்க் கேளுங்கள்.